நெடுந்தூரம் வேகத்தைத் தின்றுவிடுமா?

ஃபுல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்ட ஒருவர், "பத்து கிலோமீட்டரை இந்த வருஷம் 50 நிமிஷத்துக்குள்ள ஓடணும்னும் ஆசையா இருக்கு" என்று ஓட்டக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த நொடியே அறிவுரை வந்து விழும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே. மாரத்தான் வேண்டுமா, வேகம் வேண்டுமா, இரண்டில் ஒன்றைச் சொல். லாங் ரன் வேகத்தைச் சாகடித்துவிடும். இடைவிட்டு வேகமாக ஓடும் இண்டர்வல் காலை உடைத்துவிடும். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் போய்விடும். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இதே அறிவுரை இதே தொனியில் கிடைக்கிறது. சொல்பவர்களில் பாதிப் பேர் அதை யாரிடமிருந்தோ கேட்டுச் சொல்பவர்கள்; சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு.

தீங்கு நினைத்து யாரும் இதைச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தவறு தவறுதான். மாரத்தான் பயிற்சியும் குறுந்தூர வேகமும் பகைவர்கள் என்பதற்கு ஓட்டத்தின் வரலாற்றில் ஆதாரம் இல்லை. உடலியலில் கொஞ்சம் இருக்கிறது. அதையும் தப்பாகப் படிக்கிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் உச்சத்தில் வைத்திருக்க முடியாது என்பது உண்மை. அந்தச் சின்ன உண்மையை ஊதிப் பெருக்கி, ஒரே ஆண்டில் முடியாது, ஒரே உடம்பில் முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். என் சண்டை அந்த ஊதலோடுதான்.

முதலில் 2002ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் அதுவரை மைதானத்தில் பெரிய தங்கம் எதையும் கண்டதில்லை. 1999 உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளி; 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் நான்காம் இடம். பந்தயம் முழுக்க முன்னால் ஓடுவார், கடைசிச் சுற்றில் பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். வேகம் போதாத ஓட்டக்காரர் என்றுதான் பெயர். அந்த ஆண்டு ஏப்ரலில் லண்டனில் அவர் தன் முதல் மாரத்தானை ஓடினார்: 2 மணி 18 நிமிடம் 56 விநாடி. நம் அறிவுரையாளர்கள் சொல்வது சரியென்றால், இருந்த கொஞ்ச வேகமும் அத்துடன் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஜூலையில் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 5,000 மீட்டர் தங்கம். ஆகஸ்டில் மியூனிக் ஐரோப்பியப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கம், நேரம் 30:01.09. அக்டோபரில் சிகாகோவில் இரண்டாவது மாரத்தான், 2:17:18, பெண்கள் உலகச் சாதனை. அடுத்த ஏப்ரலில் லண்டனில் 2:15:25. அதை முறியடிக்க உலகத்துக்கு 2019 வரை ஆயிற்று. மாரத்தான், ஐந்தாயிரம், பத்தாயிரம், மறுபடி மாரத்தான் என்று ஏழு மாதங்களுக்குள் எல்லாம் நடந்தன. மைதானத்தில் பெரிய தங்கம் முதன்முதலாக அவர் கழுத்தில் ஏறியது மாரத்தானுக்குத் தயாரான அதே ஆண்டில்தான்.

இன்னும் குறைந்த தூரத்துக்கு வருவோம். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டர் ஓட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டம் அது. அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், ஆக்லாந்துக்கு மேற்கே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றை அவரை ஓட வைத்தார். வாரத்துக்கு 100 மைல். 1961 டிசம்பரில் ஸ்நெல் ஒரு முழு மாரத்தானையே ஓடினார், 2 மணி 41 நிமிடத்தில். 1962 ஜனவரி 27 அன்று வாங்கனூயில் புல் தரையில் ஒரு மைல் உலகச் சாதனை, 3:54.4. ஒரு வாரம் கழித்துக் கிரைஸ்ட்சர்ச்சில், அதுவும் புல் தரையில், 800 மீட்டர் உலகச் சாதனை, 1:44.3. மாரத்தானுக்கும் இதற்கும் நடுவில் சில வாரங்கள்தான். நெடுந்தூரம் வேகத்தைத் தின்றுவிடும் என்கிறவர்கள் இந்த மனிதரை எந்த அலமாரியில் வைப்பார்கள்?

நம் நாட்டுக் கதையும் இதுதான். ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் ஓடிய 2:12:00 நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவின் மாரத்தான் சாதனையாக நின்றது. அவர் மைதானத்தில் விளைந்தவர். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் தங்கமும் 10,000 மீட்டர் வெள்ளியும் வாங்கிய பிறகுதான், 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடி 11ஆம் இடத்தில் வந்தார். எமில் ஜாடோபெக் 1952 ஹெல்சிங்கியில் ஒரே வாரத்தில் 10,000, 5,000, மாரத்தான் மூன்றையும் வென்றதைச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மாரத்தான் அவர் வாழ்க்கையின் முதல் மாரத்தான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அதெல்லாம் பழங்காலம் என்பவர்களுக்கு 2024 பாரிஸ் இருக்கிறது. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 5,000இல் வெண்கலம், 10,000இல் வெண்கலம் வாங்கிவிட்டு, 10,000 முடிந்த இரண்டாம் நாள் மாரத்தானுக்கு வந்து நின்று தங்கத்தோடு போனார். 42 கிலோமீட்டர் ஓடிய பிறகு கடைசி நூறு, இருநூறு மீட்டரில் முடிவான பந்தயம் அது; இடைவெளி 3 விநாடி. தோற்ற டிக்ஸ்ட் அசெஃபா யார்? 2016 ரியோவில் எத்தியோப்பியாவுக்காக 800 மீட்டர் ஓடியவர். 2023இல் பெர்லினில் 2:11:53 ஓடி பெண்கள் மாரத்தான் உலகச் சாதனை படைத்தவர்.

இதற்கு மறுபக்கம் ஒரு பெயர் உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். மறைந்த மாரத்தான் ஓட்டக்காரர் கெல்வின் கிப்டும். மைதானத்தில் பெயர் சொல்லும்படி எதுவும் ஓடாமலே சாலைக்கு வந்தவர். 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35. வேகம் இல்லாமலே மாரத்தான் வரும் என்பதற்கு அவரைக் காட்டுகிறார்கள். ஆனால் அவர் மாரத்தானுக்கு வருவதற்கு முன்பே, 2020இல் வலென்சியாவில், ஹாஃப் மாரத்தானை 58:42இல் முடித்திருந்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 47 விநாடி. அது வேகம் இல்லாதவரின் ஓட்டமா? ஓடுதளத்தில் வளராதவர் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

"சார், அவங்க எங்க, நாம எங்க? அவங்களுக்கு ஓடறதுதான் வேலை. நமக்கு ஆபீஸ், வீடு, ட்ராஃபிக் எல்லாம் இருக்கே." எதிர்த்தரப்பில் உருப்படியான வாதம் இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். கென்யாக்காரர் வாரத்துக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறார், பகலில் தூங்குகிறார், மறுபடி ஓடுகிறார். நம்மிடம் வாரத்துக்கு ஐந்து மணி நேரம், நல்ல வாரமாக இருந்தால் ஆறு. இதிலிருந்து எதிர்த்தரப்பினர் எடுக்கும் முடிவு: நேரம் குறைவு, ஆகவே மெதுவாக நெடுந்தூரம் மட்டும் ஓடு, வேகத்தை விட்டுவிடு. எனக்குத் தோன்றுவது நேர் எதிரானது. 200 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்தத் தூரமே பாதிக் காரியத்தைச் செய்துவிடும். 45 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத் தூரம் மட்டும் அவ்வளவு கொடுக்காது. அவர் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு வேலை செய்தாக வேண்டும். ஐந்து மணி நேரத்தையும் ஒரே மந்தமான வேகத்தில் கழிப்பதுதான் அவருக்கு ஆடம்பரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுபதுகளில் ஒரு சூத்திரம் சொன்னார். ஒரு தூரத்தில் நீங்கள் ஓடிய நேரத்திலிருந்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கலாம். தூர விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி நேரத்தோடு பெருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பலவற்றுக்குள்ளும் இதுதான் இருக்கிறது. இதன்படி ஐந்து கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறவர் மாரத்தானை ஏறக்குறைய 4 மணி 48 நிமிடத்தில் ஓடலாம். 27 நிமிடக்காரர் 4:19. 25 நிமிடக்காரர் நாலு மணிக்குச் சற்றே உள்ளே. ஐந்து கிலோமீட்டரில் ஒரு நிமிடம் குறைத்தால் மாரத்தானில் ஒன்பதரை நிமிடம் குறைய வழி திறக்கிறது. வழி திறக்கிறது என்றுதான் சொல்கிறேன். நெடுந்தூரப் பயிற்சி இல்லாமல் அந்த நேரம் யாருக்கும் கைகூடாது, நம்மில் பெரும்பாலோர் அந்தக் கணிப்பைவிடப் பின்தங்கித்தான் முடிக்கிறோம். ஆனால் திறக்காத கதவு வழியாக யாரும் உள்ளே போக முடியாது.

நாலு மணிக்குள் மாரத்தான் முடிக்க வேண்டும் என்பது நம் ஊர் ஓட்டக்காரர்கள் நெஞ்சில் வளர்க்கும் ஆசைகளில் முதன்மையானது. அதற்குக் கிலோமீட்டருக்கு 5:41 வேகம் வேண்டும். இப்போது ஐந்து கிலோமீட்டரை முழு மூச்சாக ஓடி 29 நிமிடத்தில் முடிக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வேகம் 5:48. உயிரைக் கொடுத்து ஓடும் ஐந்து கிலோமீட்டரிலேயே அவரால் 5:41ஐத் தொட முடியவில்லை. அதே வேகத்தை எட்டரை மடங்கு தூரத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு 30 கிலோமீட்டர் லாங் ரன்னாக எழுதித் தருகிறார்கள். மூன்று ஆண்டுகள், நாலு ஆண்டுகள். ஒவ்வொரு ஜனவரியிலும் 32ஆவது கிலோமீட்டரில் அவர் நடக்கத் தொடங்குகிறார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் "இன்னும் ரெண்டு லாங் ரன் சேர்த்துப் போட்டிருக்கணும்" என்று தீர்ப்பு வருகிறது.

விஷயம் தெரிந்தவர் இங்கே குறுக்கிடுவார். அந்த மனிதரின் ஐந்து கிலோமீட்டர் 29 நிமிடத்தில் நிற்பதற்கே காரணம் அவருடைய அடித்தளம் போதாததுதான். மெதுவான தூரத்தை இன்னும் கூட்டினால் ஐந்து கிலோமீட்டரும் குறையும் என்பார். சரியான பேச்சு. பெரும்பாலோர் விஷயத்தில் உண்மையும்கூட. ஆனால் இப்படிச் சொல்லும்போதே அவர் தன் கட்சியை விட்டுவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தூரம் கூடினால் குறுந்தூர நேரம் குறையும் என்றால், தூரம் வேகத்தைச் சாகடிக்கிறது என்ற பேச்சு என்னவாயிற்று?

மெதுவாக ஓடு என்ற கட்சிக்கு அண்மைக்காலத்தில் விஞ்ஞானப் பட்டம் வேறு கிடைத்திருக்கிறது. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் ஸைலர், உலகத் தர ஓட்டக்காரர்களும் படகோட்டிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் பயிற்சி செய்வதைப் பார்த்து, ஏறக்குறைய 80 விழுக்காடு எளிதாகவும் 20 விழுக்காடு கடினமாகவும் இருக்கிறது என்றார். நம் ஆட்கள் எண்பதைப் பிடித்துக்கொண்டார்கள், இருபதைக் கழற்றிவிட்டார்கள். பிலிப் மாஃபடோனின் சூத்திரம், அதாவது 180இலிருந்து வயதைக் கழித்து அந்த நாடித்துடிப்புக்கு மேல் போகாதே என்பது, அடித்தளம் கட்டும் மாதங்களுக்கான வேலி. அதை ஆண்டு முழுக்கப் போடும் விரதமாக்கிவிட்டார்கள். லிடியார்டின் பெயரையும் இதற்கு இழுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய முறையில் நெடுந்தூர வாரங்களுக்குப் பிறகு மேட்டில் துள்ளி ஏறும் வாரங்கள், அதற்குப் பிறகு மைதானத்தில் வேகப் பயிற்சி வாரங்கள், பிறகு பந்தயங்கள் என்று வரிசை இருந்தது. முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவர்கள்தான் அவரை மெது ஓட்டத்தின் குருவாக்கினார்கள். அவருடைய மாணவர்களின் அந்த நெடுந்தூர ஓட்டமும் ஒன்றும் உலாத்தல் இல்லை.

அடுத்தது அனுபவச் சாட்சி. "நான் மாரத்தானுக்குத் தயாரானப்போ என் டென்-கே நேரம் ரெண்டு நிமிஷம் ஏறிடுச்சு" என்று சொல்பவர் எல்லாக் குழுக்களிலும் ஒருவர் உண்டு. பொய் சொல்லவில்லை. எப்போது ஓடினார் என்று கேளுங்கள். முந்தின ஞாயிறு 32 கிலோமீட்டர். செவ்வாய் டெம்போ (நிலையாகப் பிடிக்கும் வேக ஓட்டம்). வியாழன் 16. சனிக்கிழமை காலை டென்-கே பந்தயம். அப்படி ஓடினால் யாருக்கும் இரண்டு நிமிடம் ஏறத்தான் செய்யும். களைத்த காலைப் பார்த்து வேகம் போய்விட்டது என்று முடிவு கட்டுவது, பட்டினி கிடந்தவரைத் தராசில் ஏற்றிவிட்டு ஆள் மெலிந்துபோனார் என்று ஊரெல்லாம் சொல்வது மாதிரி. அதே மனிதர் மாரத்தான் முடித்து, நாலு வாரம் ஆறி, பின் மூன்று நாலு வாரம் கொஞ்சம் கூர்தீட்டிக்கொண்டு அதே டென்-கேவை ஓடட்டும். அப்போது நேரம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலோர் அதுவரை காத்திருப்பதே இல்லை; பதக்கத்தோடு படம் போட்டுவிட்டு ஏப்ரல் வரை காலணியைத் தொடுவதில்லை.

காயம் பற்றிய பயம் நியாயமானது. வேகம் குதிகால் தசைநாணையும் பின்தொடையையும் சோதிக்கும். ஆண்டு முழுக்க ஏழு நிமிட வேகத்தில் ஓடிவிட்டுத் திடீரென ஒரு செவ்வாய்க்கிழமை 400 மீட்டர் பன்னிரண்டு ஓடினால் கால் போகத்தான் போகும். அது வேகத்தை அடியோடு ஒதுக்கி வைத்ததன் விளைவு. எளிய ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி ஸ்ட்ரைட்ஸ் (வேகமான குறு ஓட்டம்) ஆறு, வாரத்தில் இரண்டு நாள், ஆண்டு முழுக்க விடாமல் செய்கிறவருக்கு வேகம் அந்நியமாகவே ஆகாது. அதற்கு ஆகும் நேரம் எட்டு, பத்து நிமிடம். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வேகத்தைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறவர்கள், நாலரை மணி நேர லாங் ரன்னைப் பற்றி ஏன் பயப்படுவதில்லை? பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் லாங் ரன்னுக்கு 150 நிமிடம் என்று வரம்பு வைத்தார். நம் ஊரில் அதைத் தாண்டி இரண்டு மணி நேரம், வியர்வை வற்றி, கால் இழுத்து, முதுகு வளைந்து ஓடுவதைத் தவம் என்கிறோம். மூன்று மணிக்கு மேல் குலைந்த நடையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் முழங்காலுக்கு என்ன செய்கிறது என்பதை அடுத்த வாரம் மாடிப்படி இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கில் யோசித்தால் இந்தப் பகை தானாகவே கரைந்துவிடும். அதற்குத் தமிழ்நாட்டைப் போல வசதியான இடம் வேறில்லை என்றுகூடச் சொல்வேன். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில். மும்பை அதே மாதத்தின் பிற்பகுதியில். ஆகவே நெடுந்தூர மாதங்கள் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. மழை வரும், ஆனால் வெயில் தணிந்திருக்கும். ஏப்ரல், மே, ஜூனில் சென்னையில் 30 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் இரவு இரண்டரைக்கு எழ வேண்டும். எழுந்து ஓடினாலும் கடைசிப் பத்து கிலோமீட்டர் கொதிநீரில் ஓடுவதாகத்தான் இருக்கும். இயற்கையே அந்த மாதங்களைக் குறுந்தூரத்துக்கு ஒதுக்கித் தந்திருக்கிறது. ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிந்துவிடும் பயிற்சி. ஏப்ரல் பிற்பகுதியில் பெங்களூரில் 2008 முதல் நடந்துவரும் உலகத் தரப் பத்து கிலோமீட்டர்ப் பந்தயம் வேறு இருக்கிறது. ஆனால் நாம் செய்வது என்ன? கோடை முழுக்க "பேஸ் பில்டிங்" என்ற பெயரில் மந்தமாக அலைந்துவிட்டு, அக்டோபரில் லாங் ரன்னும் இண்டர்வலும் ஒன்றாக ஆரம்பித்து, நவம்பரில் எலும்பு மருத்துவரிடம் போய், இரண்டும் சேராது என்ற ஞானத்தோடு திரும்பி வருகிறோம்.

குறுந்தூரப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதையே பலர் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஓடுதளத்தில் ஆயிரம் மீட்டர் ஐந்து முறை. இடையில் அரைச் சுற்று மெல்லோட்டம். இரண்டரைச் சுற்று ஓர் ஆயிரம். கைக்கடிகாரத்தை நம்ப முடியாது. வளைவுகளில் ஜிபிஎஸ் பொய் சொல்லும், கோட்டைப் பார்த்துத்தான் நேரத்தை அமுக்க வேண்டும். முதலாவது ஏமாற்று வேலை. புதுக் கால், எட்டு விநாடி வேகமாகவே போய்விடுவீர்கள், அதற்கான வட்டி நாலாவதில் வசூலாகும். இரண்டாவதில் மூச்சு தன் தாளத்தைக் கண்டுபிடிக்கிறது. மூன்றாவதில் இரண்டாம் சுற்றின் பின்நேர்கோட்டில், யாரும் பார்க்காத இடத்தில், தோள் காதுக்கு ஏறும். அதை இறக்க வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் அதற்குள் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். நாலாவதில்தான் பயிற்சியே ஆரம்பம். ஐந்தாவதை முதலாவதைவிட ஒரு விநாடியாவது வேகமாக முடித்தால் அன்றைக்கு வேகத்தைச் சரியாகக் கணித்தீர்கள் என்று பொருள். ஐந்து நிமிட வேகத்தில் ஓடுபவருக்கு இது முழுவதும், உடல் சூடேற்றுவது உட்பட, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். கஷ்டத்தில் இருக்கும்போது நடை குலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை இந்த ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கிற மாதிரி எந்த 30 கிலோமீட்டரும் கற்றுக்கொடுப்பதில்லை. அது மாரத்தானின் 36ஆவது கிலோமீட்டரில் தேவைப்படும் பாடம்.

செப்டம்பர் வந்ததும் தராசு சாயட்டும். ஆயிரங்கள் குறைந்து டெம்போ நீளும். லாங் ரன்னின் நடுவில் மாரத்தான் வேகத்தில் எட்டு, பத்து, பதினான்கு கிலோமீட்டர் சேரும். ஸ்ட்ரைட்ஸ் மட்டும் அப்படியே இருக்கும். கடைசி எட்டுப் பத்து வாரங்களில் ஐந்து கிலோமீட்டரில் சொந்தச் சாதனையைத் துரத்தாதீர்கள் என்று யாராவது சொன்னால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த வாரங்களிலும் குறும்பந்தயமே கூடாது என்பது அபத்தம். பீட் ஃபிட்ஸிங்கரின் மாரத்தான் அட்டவணைகளை நம் ஊரில் எத்தனையோ பேர் அச்சடித்துச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் எட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வரையிலான முன்னோட்டப் பந்தயங்கள் எழுதியே இருக்கின்றன. அந்த வாரம் வந்தால் மட்டும் நம்மவர்கள் அதை அடித்துவிட்டு இன்னொரு லாங் ரன் எழுதிக்கொள்கிறார்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மாரத்தான் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்தைத் தாண்டித்தான் ஓடவே தொடங்கியவர்கள். வயது ஏற ஏறத் தசையில் முதலில் தேய்வது வேகத்துக்கான இழைகள். பயன்படுத்தாவிட்டால் இன்னும் விரைவாகத் தேயும். மெதுவான நெடுந்தூரம் அவற்றை அதிகம் எழுப்புவதில்லை. "வயசாயிடுச்சு, இனிமே ஸ்பீடு எதுக்கு" என்று 45 வயதுக்காரர் சொல்வதை நான் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இருபது வயதுப் பையனைவிட அவருக்குத்தான் அது அதிகம் தேவை. பையன் ஒரு மாதம் விட்டாலும் திரும்பப் பெறுவான்.

இவ்வளவும் எண்கள், தசைகள் பற்றிய பேச்சு. உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். நமக்கு ஓட்டம் ஒரு பதவி உயர்வு வரிசையாகிவிட்டது. ஐந்து, பத்து, ஹாஃப், ஃபுல், அப்புறம் அல்ட்ரா. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டம் முடித்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம், அடுத்த மாதம் பத்து கிலோமீட்டர்ப் பந்தயம் ஒன்று வருகிறது, ஓடலாமே என்றேன். "டென்-கே எல்லாம் நாலு வருஷம் முன்னாடியே முடிச்சாச்சுண்ணா. இனிமே அதுல போய் என்னத்த ஓடுறது?" என்றார். முடித்துவிட்டாராம்! பத்து கிலோமீட்டரை யாரால் முடிக்க முடியும்? ஒருமுறை கடந்துவிட்டால் தீர்ந்துபோக அது என்ன பத்தாம் வகுப்பா? தூரத்தைக் கடப்பது மட்டுமே ஓட்டம் என்று ஆனபிறகு, அந்தத் தூரத்தை எவ்வளவு நன்றாக ஓடுகிறோம் என்ற கேள்வியே கீழ்ச்சாதியாகிவிடுகிறது.

போட்டி நடத்துபவர்களும் ஐந்து கிலோமீட்டருக்கு "ஃபன் ரன்" என்று பெயர் வைத்து, செண்டை மேளம் அடித்து, நேரம் குறிக்கும் சிப்கூடத் தராமல் அனுப்பிவிடுகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்த கோ. லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார். ஆசியாவிலேயே முதலாவது. நம் மாரத்தான் குழுக்களில் கென்யாக்காரர்கள் பெயர் பத்துச் சொல்பவர்கள் உண்டு. இவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஓடியது வேடிக்கை ஓட்டமா?

அடுத்த ஜனவரிக்கு ஃபுல்லுக்குப் பணம் கட்டியிருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில், மே மாத வெயில் ஏறுவதற்கு முன், நேரம் குறிக்கும் ஒரு ஐந்து கிலோமீட்டர்ப் பந்தயத்துக்கும் பணம் கட்டுங்கள். செல்ஃபி வேண்டாம், நண்பரோடு பேசிக்கொண்டு வேண்டாம், "லாங் ரன்னுக்கு நடுவுல சும்மா ஓடினேன்" என்ற முன்ஜாமீனும் வேண்டாம். முன்வரிசையில் உங்களுக்கு உரிய இடத்தில் நின்று, தொடக்கத்திலிருந்து முடிவு வரை உங்களால் முடிந்த முழு வேகத்தில் ஓடுங்கள். ஆகஸ்டில் அதையே திரும்ப ஓடுங்கள். இரண்டு நேரங்களையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகு மாரத்தான் அட்டவணையை எடுங்கள்.